ஏற்பி ஒண்ணும் சுவத்துல அடிச்ச பூட்டு இல்லீங்க

போன வாரம் சித்தி பொண்ணு போன் பண்ணினா. ப்ளஸ் டூ, பயாலஜி குரூப். போன மாசம் நான் இங்கே செல் சவ்வு பத்தி எழுதின பதிவைப் படிச்சிருக்கா (குடும்பத்துக்குள்ளயே ஒரு வாசகி கிடைக்கறது லேசுப்பட்ட விஷயமா?). "அண்ணா, ஏற்பி எல்லாம் சவ்வு மேல நகர்ந்துகிட்டே இருக்கும்னு எழுதியிருக்கே. எங்க புக்ல பூட்டு படம், சாவி படம் போட்டு அது பாட்டுக்கு நிக்குது. நகருதுன்னு எப்படித் தெரியும்? யாரு பார்த்தாங்க?"

நான் சொன்ன பதில்: "லேசர் வெச்சு ஏதோ பண்ணுவாங்கம்மா."

போனை வெச்சப்புறம் எனக்கே அசிங்கமா போச்சு. தெரியாம சொல்லலை. அந்தப் பதிவோட வரைவுல "எப்படி அளந்தாங்க"ன்னு ரெண்டு பத்தி இருந்தது. படிக்கறவங்க ஓடிப் போயிடுவாங்கன்னு நானே வெட்டினேன். "நொடிக்கு 0.1 சதுர மைக்ரோமீட்டர்"னு ஒரு எண்ணை மட்டும் விட்டு வெச்சேன். பின்னூட்டத்துல நாலு பேர் "அருமையான தகவல்"னு சொன்னீங்க. நன்றி. ஆனா அது தகவலே இல்லை மக்களே. அந்த எண்ணை வெச்சு நீங்க ஒண்ணும் பண்ண முடியாது.

இது என் வியாதி மட்டும் இல்லை. தமிழ்ல அறிவியல் எழுதற நம்ம எல்லாருக்கும் இருக்கு. "விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ளனர்"னு ஆரம்பிப்போம், ஒரு எண்ணைப் போடுவோம், ஆச்சரியக்குறி வைப்போம், முடிஞ்சது. எதை வெச்சு அளந்தாங்க, எவ்வளவு நேரம் பார்த்தாங்க, எதைப் பார்க்காம விட்டாங்க? அதெல்லாம் "டெக்னிக்கல்", வாசகருக்கு வேணாம். மத்த விஷயத்துல இப்படி எழுதினா அரைகுறைன்னு விட்டுடலாம். ஏற்பி நகர்ற விஷயத்துல இப்படி எழுதினா அது பொய். ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க.

எங்க ஊர்லேர்ந்தே ஆரம்பிக்கறேன். காட்டுப்பள்ளியில 2010-ல திறந்த கடல்நீரைக் குடிநீராக்கற ஆலை இருக்கு. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டருக்குக் கட்டினது. அங்கேயும் வேலை செய்யறது சவ்வுதான். ஆனா அது பிளாஸ்டிக் சவ்வு. அதுல எந்த இடத்துல எது இருக்கோ, நாளைக்கும் அதே இடத்துலதான் இருக்கும். "சவ்வு"ன்னு சொன்னதும் எங்க ஊர்க்காரனுக்கு அந்த ஞாபகம்தான் வரும். பாடப்புத்தகப் பூட்டுப் படமும் அதே நினைப்புலதான் வரைஞ்சது. செல் சவ்வு அப்படி இல்லை. அது எண்ணெய் மாதிரி ஒரு படலம், அதுல புரதங்கள் மிதக்குது. 1970-ல ஃப்ரை, எடிடின்னு ரெண்டு பேர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல ஒரு எலி செல்லையும் ஒரு மனுஷ செல்லையும் ஒண்ணா ஒட்ட வெச்சாங்க. எலிப் புரதத்துக்கு ஒரு கலர் சாயம், மனுஷப் புரதத்துக்கு இன்னொரு கலர். ஒட்டின உடனே பாதி பச்சை, பாதி சிவப்பு. உடம்புச் சூட்டுல 40 நிமிஷம் வெச்சுப் பார்த்தா ரெண்டும் கலந்து கிடக்கு. குளிர்ல வெச்சா கலக்கலை. பூட்டு நகருதுங்கறதுக்கு அதுதான் முதல் நேரடி சாட்சி.

சரி, நகருது. எவ்வளவு வேகமா? வம்பு இங்கேதான் ஆரம்பம்.

என் ஆணியே கண்டெய்னர் எங்கே இருக்குன்னு சொல்ற மென்பொருள் எழுதறதுதான். அதனால லாரிக் கணக்குலயே சொல்றேன். துறைமுகத்துக்கு வெளியே பெரிய மைதானம், ராத்திரி, ஆயிரக்கணக்குல லாரி, எல்லாத்துலயும் விளக்கு எரியுது. நீங்க ரொம்ப தூரத்துல மேம்பாலத்து மேல நிக்கறீங்க. தனித்தனி லாரி தெரியாது, மொத்தமா ஒரு வெளிச்சம்தான் தெரியும். லாரி நகருதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? நடுவுல ஒரு வட்டத்துக்குள்ள இருக்கற விளக்கை மட்டும் உடைச்சுடுங்க. அந்த இடம் இருட்டாயிடும். வெளியே இருக்கற லாரி உள்ளே வர வர மறுபடி வெளிச்சம் வரும். எவ்வளவு நேரத்துல வருதுன்னு பாருங்க, வேகம் கிடைச்சுடும்.

இந்த முறைக்கு ஃப்ராப்னு பேரு. விளக்கை உடைக்கறது லேசர். சாயம் ஒட்டின ஏற்பி மேல பலமா அடிச்சா சாயம் வெளுத்துப் போகும், ஏற்பி சாகாது. இதுக்கு முன்னோடியா 1974-ல பூவும் கோனும் தவளைக் கண்ணுல இருக்கற ரொடாப்சின்ல, அதாவது வெளிச்சத்துக்கான ஏற்பியில, ஒரு பாதியை வெளுக்க வெச்சு மறுபாதி கலக்கற நேரத்தை அளந்தாங்க. 1976-ல ஆக்சல்ராட், வெப் குழு இதுக்கு முழுக் கணக்கும் போட்டுக் கொடுத்தது. கணக்கு ஒண்ணும் பயங்கரம் இல்லை. வட்டத்தோட ஆரம் 1 மைக்ரோமீட்டர், பாதி வெளிச்சம் திரும்ப 2 நொடி ஆச்சுன்னா, ஆரத்தோட வர்க்கத்தை 0.22-ஆல பெருக்கி நேரத்தால வகுங்க. 0.11 வரும். நான் போன மாசம் அள்ளி விட்ட எண் மாதிரி ஒண்ணு வந்துடுச்சு பாருங்க. இதுக்குப் பேரு விரவல் கெழு.

இப்ப உங்களையே கேட்கறேன். வெளிச்சம் திரும்பி வந்தது வெளி லாரி உள்ளே வந்ததாலதானா? வெளுத்த சாயத்துல கொஞ்சம் தானாவே உயிர் பெற்று எழுந்திருக்கலாம். செல்லுக்குள்ள கோடவுன் மாதிரி இருக்கற பைகள்லேர்ந்து புது ஏற்பி மேல வந்திருக்கலாம். அதெல்லாம் "பக்கவாட்டு நகர்வு" இல்லை, ஆனா கருவிக்கு எல்லாம் ஒரே வெளிச்சம்தான். அடுத்தது, வெளிச்சம் முழுசாத் திரும்பாது. 70 சதவீதம் வந்து நின்னுடுச்சுன்னா மீதி 30 சதவீதம் டயர் பஞ்சரான லாரி, நகராத கூட்டம்னு எழுதுவாங்க. ஆனா ஒரு நிமிஷம் பார்த்து நிறுத்தியிருந்தா நகராத கூட்டம், பத்து நிமிஷம் பார்த்திருந்தா மெதுவா நகர்ற கூட்டம். ஏற்பி மாறலை. ஆராய்ச்சி மாணவர் டீ குடிக்கப் போன நேரம் மாறிச்சு.

நம்ம கட்டுரையில இதெல்லாம் எங்கேய்யா வந்திருக்கு?

இதைவிடப் பெரிய கூத்து, ஒத்தை ஏற்பியைத் துரத்தற முறை. கூட்டத்தோட சராசரி வேணாம், ஒரே ஒரு லாரியில கொடி கட்டி அதை மட்டும் வீடியோ எடுப்போம்னு கிளம்பினவங்க. ஜப்பான்ல அகிஹிரோ குசுமி குழு இதுல ஜாம்பவான். அவங்க பார்த்ததுல ஒண்ணு மார்ஃபின் போய் உட்கார்ற ஓபியாய்டு ஏற்பி. 2005-ல வந்த கட்டுரை. நொடிக்கு 40,000 படம் எடுக்கற கேமரா. அதுல பார்த்தா, ஏற்பி சுமார் 210 நானோமீட்டர் அகலமுள்ள ஒரு கட்டத்துக்குள்ள குடுகுடுன்னு ஓடுது. சராசரியா 45 மில்லிநொடிக்கு ஒரு தடவை வேலி தாண்டி அடுத்த கட்டத்துக்குக் குதிக்குது. வேலி எதுன்னா, சவ்வுக்குக் கீழே ஓடற ஆக்டின் நார்ப் பின்னலும் அதுல கட்டிப் போட்ட புரதங்களும்.

இதே ஏற்பியை சாதாரண வீடியோவுல, நொடிக்கு 30 படத்துல பாருங்க. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் 33 மில்லிநொடி இடைவெளி. உள்ளே ஓடின ஓட்டம் ஒண்ணும் தெரியாது. "மெதுவா, சாதுவா நகருது"ன்னு எழுதிட்டுப் போவீங்க. எங்க ஊர் ரோட்டுல மணிக்கு ஒரு போட்டோ எடுத்தா கண்டெய்னர் லாரி மணிக்கு 300 மீட்டர் வேகத்துல போற நத்தைன்னு தோணும். பக்கத்துல நின்னு பாருங்க, விர்ருனு வந்து செக்போஸ்ட்ல நிக்கும், மறுபடி விர்ருனு போகும். நத்தைன்னு சொன்னவனும் பொய் சொல்லலை, விர்ருனு சொன்னவனும் பொய் சொல்லலை. எத்தனை நொடிக்கு ஒரு போட்டோன்னு சொல்லாம வேகத்தை மட்டும் சொன்னவன்தான் பொய் சொன்னான். அதாவது நான்.

"இதெல்லாம் லேப்ல இருக்கறவன் கவலை, நமக்கென்ன"ன்னு கேட்கப் போற அண்ணாச்சிகளுக்கு ஒண்ணு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவுல எண்ணூர்ல கடலடிக் குழாயிலேர்ந்து அம்மோனியா கசிஞ்சுது. காத்துல கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம்னு சொன்னாங்க, வரம்பு 400. அந்த 400 எதோட வரம்பு? 24 மணி நேர சராசரியோட வரம்பு. கசிவு நடந்தது கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்துல மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடினவங்களுக்கு ஒரு நாள் சராசரி எவ்வளவா இருந்தா என்ன? எவ்வளவு நேரத்துக்கான அளவுங்கற கேள்வியை வடசென்னைக்காரன் கேட்கக் கத்துக்காம இருக்க முடியாது. அதே கேள்வியைத்தான் ஏற்பிக்கும் கேட்கச் சொல்றேன். நம்ம ஆளுங்களுக்குப் புரியாதுன்னு வெட்டினோமே, அவங்களுக்குப் புரியற அளவு வேற யாருக்கும் புரியாது.

அடுத்து எனக்கு ரொம்பப் பிடிச்ச சண்டை. 1998. சவ்வுல ஜிபிஐங்கற கொழுப்பு நங்கூரத்தோட மிதக்கற புரதங்கள் இருக்கு. ஃபோலிக் அமிலத்தைப் பிடிக்கற ஏற்பி இந்த வகை. இதுங்க கூட்டமா இருக்கா, தனித்தனியா இருக்கா? பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்துல, அதாவது என்.சி.பி.எஸ்-ல, ரஜத் வர்மாவும் சத்யஜித் மேயரும் "குட்டிக் குட்டிக் கூட்டமா இருக்கு"ன்னு நேச்சர் இதழ்ல எழுதினாங்க. அதே வருஷம் ஆன் கென்வொர்த்தியும், மேலே சொன்னேனே அதே எடிடினும், அதே வகையைச் சேர்ந்த இன்னொரு புரதத்தைப் பார்த்துட்டு, பெரும்பாலும் தனித்தனியாத்தான் சிதறிக் கிடக்குன்னு எழுதினாங்க. ரெண்டும் நல்ல லேப், ரெண்டும் நேர்மையான வேலை.

எங்கே இடிக்குது? முறையிலதான். எடிடின் பக்கம் ரெண்டு வேற வேற கலர் சாயம் போட்டு, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு ஆற்றல் தாவுதான்னு பார்த்தாங்க. சில நானோமீட்டர் நெருக்கத்துல இருந்தாத்தான் தாவும். மேயர் பக்கம் ஒரே சாயம்தான். ஒரு திசையில அதிரற ஒளியை அடிப்பாங்க. தனியா இருக்கற சாயம் ஏறக்குறைய அதே திசையில திருப்பி ஒளிரும். பக்கத்துல இன்னொரு சாயம் இருந்தா ஆற்றலை அதுக்குக் கை மாத்தி விட்டுடும், அது வேற பக்கம் பார்த்துகிட்டு இருக்கும், திசை கலைஞ்சு போகும். எவ்வளவு கலையுதுங்கறதை வெச்சு நெருக்கத்தைக் கணக்குப் போடலாம். 2004-ல மேயர் குழுவே இன்னும் துல்லியமாப் போய்ச் சொன்னது: 20-லேர்ந்து 40 சதவீதம் மட்டும்தான் கூட்டமா இருக்கு, ஒரு கூட்டத்துல அதிகபட்சம் நாலு பேர், மீதி எல்லாம் தனி. பெரும்பாலானது தனியா இருக்கற ஊர்ல, நாலு பேர் கூட்டத்தை ஒரு முறை கண்டுபிடிக்கும், இன்னொண்ணு கோட்டை விடும். 2008-லயும் 2012-லயும் மேயரும் இயற்பியலாளர் மதன் ராவும் சேர்ந்து, இந்தக் கூட்டத்தைச் சேர்க்கறதே கீழே இருக்கற ஆக்டின்தான், அதுக்கு செல் ஆற்றல் செலவு பண்ணுதுன்னு காட்டினாங்க. அதாவது எண்ணெயில தானா மிதந்து தானா சேரலை, கீழேர்ந்து ஒருத்தன் கயிறு இழுக்கறான்.

இந்தக் கதை நடந்தது பெங்களூர்ல. சென்ட்ரல்ல ரயில் ஏறினா அஞ்சாறு மணி நேரம். நம்ம பதிவுகள்ல எத்தனை பேர் இதை எழுதியிருக்கோம்? "நாசா விஞ்ஞானிகள் திகைப்பு"ன்னு எழுத மட்டும் நேரம் இருக்கு.

ஹைதராபாத்தும் அப்படித்தான். அங்கே சி.சி.எம்.பி-ல அமிதாப சட்டோபாத்யாய் குழு செரடோனின் 1ஏ ஏற்பிக்கு மஞ்சள் ஒளிரும் புரதத்தை ஒட்டி, மேலே சொன்ன ஃப்ராப் முறையில அளந்தாங்க. 2004 கட்டுரையில, ஜி-புரதம் தூண்டப்பட்டா ஏற்பி வேகமா நகருதுன்னு வந்தது; கையைப் பிடிச்சிகிட்டு இருந்த ஜி-புரதம் விட்டுட்டுப் போனதும் லேசாகி ஓடுதுன்னு விளக்கம். 2008-ல ஆக்டினைக் கலைச்சுப் பார்த்தாங்க. நகர்ற ஏற்பிகளோட பங்கு கூடிச்சு, கூடவே அது செல்லுக்குள்ள அனுப்பற சைகையும் கூடிச்சு. நகர்றதுக்கும் வேலை செய்யறதுக்கும் தொடர்பு இருக்கு. அப்ப பூட்டுப் படத்துல இல்லாம போனது ஏதோ அலங்காரம் இல்லை, வேலையில பாதி.

நகர்றதை அளக்காம விட்டா என்ன ஆகும்னு ஒரு நிஜக் கதை சொல்றேன். கெட்ட கொழுப்பு, அதாங்க எல்.டி.எல். வருஷா வருஷம் ஆபீஸ் ஹெல்த் செக்கப்ல நம்மைப் பயமுறுத்துமே, அதேதான். அதை ரத்தத்துலேர்ந்து பிடிச்சு உள்ளே இழுக்கறது எல்.டி.எல் ஏற்பி. டல்லஸ்ல பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1970-கள்ல இதைக் கண்டுபிடிச்சாங்க (1985 நோபல்). பிறவியிலேயே கொழுப்பு எகிறிப் போய், சின்ன வயசுலயே மாரடைப்பு வர்ற குடும்பங்கள். பெரும்பாலானவங்களுக்குக் காரணம் சுலபம்: ஏற்பி இல்லை, இல்லேன்னா எல்.டி.எல்-லைப் பிடிக்கத் தெரியாத ஏற்பி. ஆனா ஒரு நோயாளியோட செல்லுல ஏற்பி இருக்கு, எல்.டி.எல்-லை நல்லாவே பிடிக்குது. பூட்டு சரி, சாவி சரி. ஆனாலும் கொழுப்பு உள்ளே போகலை.

எப்படிக் கண்டுபிடிச்சாங்க? கதிரியக்க அயோடின் ஒட்டின எல்.டி.எல்-லைக் கொடுத்துட்டு, ஹெப்பாரின்னு ஒரு மருந்தால கழுவுவாங்க. சவ்வுக்கு வெளியே ஒட்டியிருக்கறது கழண்டு வந்துடும், உள்ளே போனது வராது. ரெண்டையும் தனித்தனியா எண்ணணும். இந்த நோயாளியோட செல்லுல எல்லாமே கழண்டு வந்துடுச்சு. அப்புறம் எலக்ட்ரான் நுண்ணோக்கியில பார்த்தாங்க. சாதாரண செல்லுல சவ்வோட மொத்தப் பரப்புல 2 சதவீதமே இருக்கற குட்டிக் குழிகள்ல பாதிக்கு மேல ஏற்பி போய்க் குவிஞ்சிருக்கும். இவருக்குக் குவியலை, எங்கெங்கேயோ சிதறிக் கிடந்தது. பிற்பாடு 1986-ல காரணமும் தெரிஞ்சுது: ஏற்பியோட வால்ல, செல்லுக்குள்ள நீட்டிகிட்டு இருக்கற பக்கம், ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கு. டைரோசின் இருக்க வேண்டிய இடத்துல சிஸ்டீன். குழி வாசல்ல காட்ட வேண்டிய கேட் பாஸ் இல்லாத லாரி!

"ஒட்டுதா, ஒட்டலையா"ன்னு மட்டும் அளந்திருந்தா இந்த ஏற்பி நல்லா இருக்குன்னு சர்டிபிகேட் கொடுத்திருப்பாங்க. பூட்டு-சாவிப் படம் கேட்கச் சொல்ற கேள்வியே அந்த ஒரு கேள்விதான்.

"ஐயா, இவ்வளவும் எழுதினா எவன் படிப்பான்?" நியாயமான கேள்விதான். என் பதில்: கிரிக்கெட் பதிவுல டக்வொர்த்-லூயிஸ் கணக்கையே நாலு பத்தி எழுதி, பின்னூட்டத்துல நாற்பது பேர் கும்மி அடிக்கறோம். ஜி.எஸ்.டி-யை விளக்கறோம். லேசர் அடிச்சா விளக்கு அணையும், அப்புறம் வெளிச்சம் வரும்ங்கறது அதைவிடக் கஷ்டமா? கஷ்டம் வாசகருக்கு இல்லீங்க, நமக்குத்தான். "கண்டறிந்துள்ளனர்"னு எழுத ஒரு செய்திக்குறிப்பு போதும். "எப்படி"ன்னு எழுத மூலக் கட்டுரையைத் திறந்து முறைகள் பகுதியைப் படிக்கணும். அதுக்குச் சோம்பல் பட்டுட்டு பழியை வாசகர் மேல போடறோம்.

நேத்து ராத்திரி அவளுக்குத் திரும்ப போன் பண்ணினேன். லாரி, மைதானம், விளக்கு உடைக்கறது, கொடி கட்டறது எல்லாம் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு ஒரே கேள்வி: "அந்தக் கொடியே கனமா இருந்து அதனாலேயே லாரி மெதுவாப் போச்சுன்னா?"

இருபது வருஷமா அந்தத் துறைக்காரங்க அடிச்சுக்கற கேள்வி. இந்த மாதிரிச் சோதனையில ஒட்டற தங்கத் துகள் சுமார் 40 நானோமீட்டர், ஏற்பியே சில நானோமீட்டர்தான். ஆட்டோவுக்குப் பின்னாடி கண்டெய்னரைக் கட்டின கதை. அதுவும் துகள்ல ரெண்டு மூணு ஆன்டிபாடி இருந்தா ரெண்டு மூணு ஏற்பியைச் சேர்த்துக் கட்டிப் போட்டுடும். அதனாலதான் குசுமி குழு தங்கத்துல ஒரு தடவை, குட்டிச் சாயத்துல ஒரு தடவைன்னு அளந்து ஒப்பிட்டது. சாயம் சீக்கிரம் வெளுத்துடும், தங்கம் வெளுக்காது. குவாண்டம் டாட்னு ஒண்ணு நடுவுல வந்தது, 2003-ல பாரீஸ்ல நரம்பு செல்லோட கிளைசின் ஏற்பியை அதை வெச்சுத் துரத்தினாங்க. அது நல்லா மின்னும், ஆனா நடு நடுவுல கண்ணை மூடிக்கும்.

இதையெல்லாம் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆச்சு. சித்தி பின்னாடிலேர்ந்து "படிக்க விடுடா அவளை"ன்னு சத்தம் போட்டாங்க. பழைய பதிவுல அந்த 0.1 எண்ணை அடிச்சுட்டேன். வெட்டின ரெண்டு பத்தியை மறுபடி சேர்த்திருக்கேன், இப்ப அது ஏழு பத்தியா ஆயிடுச்சு. கணக்குல தப்பு இருந்தா பின்னூட்டத்துல பிடிச்சுக் கொடுங்க.